எட்டே முக்கால் அங்குலத்தில் எடுத்த வேகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கைத்துப்பாக்கிக் கட்டுரை, காலிபர் பெரிதானால் வலிமையும் பெரிது என்ற ஒரே கணக்கில் முடிந்துவிட்டது. காவல்துறையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. காலிபர் சொல்வது குழலின் உள்விட்டத்தை மட்டும்தான்; குழலின் நீளமும் குண்டும் அதில் வராது.

1935இல் .357 மேக்னம் என்ற ரிவால்வர் தோட்டா வந்தபோது, 158 கிரெய்ன் குண்டு, அதாவது சுமார் 10 கிராம், நொடிக்கு 1,515 அடி பாயும் என்றார்கள். அளந்தது எட்டே முக்கால் அங்குலக் குழலில். அதை இடுப்பில் செருகிக்கொண்டு யார் நடப்பது! இன்று அதே எடைக் குண்டுக்கு 4 அங்குலக் குழலில் தோட்டா ஆலைகள் சொல்வது ஏறக்குறைய 1,240 அடி. வெடிமருந்தையும் முன்போல் அழுத்தி நிரப்புவதில்லை, அது உண்மை. ஆனால் குண்டு குழலுக்குள் இருக்கும்வரைதான் வாயு அதைத் தள்ளும். குழல் குட்டையானால் மிச்சமெல்லாம் வெளியே தீயாகவும் சத்தமாகவும் போய்விடும். ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கிலும் கொஞ்சம் கசியும். பிஸ்டல் குழலைத் தோட்டா உட்காரும் அறையோடு சேர்த்து அளப்பார்கள், ரிவால்வரில் அப்படி இல்லை; ஆகவே இரண்டின் 4 அங்குலமும் ஒன்றல்ல.

அடுத்தது குண்டு. முனையில் குழி வைத்த குண்டு உடலில் பட்டு விரிய வேகம் வேண்டும். குட்டைக் குழலில் அது விரியாமலே போகலாம். சீக்கிரம் விரிந்தாலும் வம்புதான். 1986 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் மயாமியில், அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் முகவர் சுட்ட 9 மி.மீ. குண்டு, கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்தும் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் சுட்டான். இரண்டு முகவர்கள் இறந்தார்கள். அதன்பின்தான், சோதனையில் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம் இறங்க வேண்டும் என்று எஃப்.பி.ஐ. விதி வைத்தது. முதலில் பெரிய காலிபருக்கு ஓடினார்கள். குண்டின் தயாரிப்பு தேறியதும், 2010களில் அதே 9 மி.மீ.க்கே திரும்பிவிட்டார்கள்.

உங்கள் அட்டவணையில் வேகம் மட்டும் இருக்கிறது. எந்த நீளக் குழலில், எத்தனை கிரெய்ன் குண்டில் எடுத்தது என்று பக்கத்தில் போட்டிருக்கலாம்.

ஓய்வு பெற்ற ஆர்மரர்,
திருச்சி