சாலைப் புழுதியையும் அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அதிகாரிகள், நாகர்கோவில் மாநகராட்சி ஆணையர் ஆகியோருக்கு,

வணக்கம். நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையைச் சுற்றியும், மார்த்தாண்டம் வரை நெடுஞ்சாலையோரம் உள்ள லேத், வெல்டிங், பெயின்டிங், பேட்டரிப் பட்டறைகளைச் சுற்றியும் படியும் சாலைப் புழுதியில் ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல் ஆகிய நச்சு உலோகங்கள் எந்த அளவில் உள்ளன என்பதை முறைப்படி ஆய்வு செய்து, முடிவை மக்கள் அறிய வெளியிடுமாறு கேட்டு இம்மடலை எழுதுகிறேன். எந்தத் தொழிற்கூடத்தின் மீதும் பழி சுமத்துவது என் நோக்கமன்று. அந்தப் பட்டறைகளில் உழைப்பவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். புழுதியை முதலில் சுவாசிப்பவர்களும் அவர்களே.

பழைய லாரி ஒன்றின் பாடியை உப்புத்தாள் கொண்டு தேய்க்கும் இடத்தில் சற்று நின்று பார்த்தால் போதும். மஞ்சளும் சிவப்புமாக உதிரும் பெயின்ட் தூள், தேய்ப்பவரின் புருவத்தில் படிந்து, மாலையில் வாசலோடு கூட்டித் தள்ளப்பட்டு, தார்ச்சாலையின் ஓரத்தில் சேர்கிறது. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016 ஆம் ஆண்டின் விதி சொல்கிறது. ஆனால் தொழில்துறைப் பெயின்டுகள் அந்த விதிக்குள் வரவில்லை. இதனுடன் பிரேக் தேய்மானத்திலிருந்து செம்பும் ஆண்டிமனியும், டயரிலிருந்து துத்தநாகமும், முலாம் பூசும் இடங்களிலிருந்து குரோமியமும் நிக்கலும், பழைய பேட்டரியை உடைக்கும் இடங்களிலிருந்து ஈயமும் வந்து சேர வாய்ப்பு உண்டு. உலோகம் மட்கி அழிவதில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்ட போதிலும், பழைய சாலைகளின் ஓரமண்ணில் அந்த ஈயம் இன்னமும் தங்கியிருக்கக்கூடும்.

காற்றின் தரம் அளக்கப்படுகிறதே என்று தாங்கள் கேட்கலாம். 2009 ஆம் ஆண்டின் தேசிய வரையறை, காற்றில் ஈயத்தின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. அது மிதக்கும் தூசிக்கான அளவு. தரையில் கிடந்து, ஒவ்வொரு பேருந்து போகும்போதும் எழும்பி, பள்ளிப் பிள்ளையின் கைக்கும், அங்கிருந்து வாய்க்கும் போகும் புழுதியைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்றும், விழுங்கப்படும் ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சக்கூடும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாகவே கூறியுள்ளது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதித்தபின் மீட்க வழியில்லை.

ஆய்வில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்கான், மோனசைட் ஆகிய உலோகம் கொண்ட கனிமங்கள் இயற்கையாகவே இருக்கின்றன. கருமணல் துகளையும் பட்டறைத் துகளையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆகவே வேறு ஊரின் மண்ணை அளவுகோலாக வைக்காமல், பேச்சிப்பாறை போன்ற மலையடிவாரத்திலும் கடற்கரையிலும் ஒப்பீட்டு மாதிரிகளை எடுத்த பிறகே தொழிற்பகுதிப் புழுதியை மதிப்பிட வேண்டும். இதைச் செய்யாத ஆய்வை யாரும் எளிதில் மறுத்துவிடுவார்கள். மாதிரியை இரும்புக் கரண்டியால் அன்றி பிளாஸ்டிக் தூரிகையால் சேகரிப்பதும், உலோகம் மிகுதியாக ஒட்டியிருக்கும் நுண்துகளைச் சலித்துத் தனியே சோதிப்பதும் அவசியம். அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியும் அரசு பாலிடெக்னிக்கும் கோணத்திலேயே இருக்கும்போது, இந்த வேலைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

தூய்மைப் பணியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் வாரியலால் உலர்ந்த புழுதியைக் கூட்டும் அந்தப் பெண்களுக்குச் சேலைத் தலைப்பே முகக்கவசமாக இருக்கிறது. கூட்டிய புழுதியோ பெரும்பாலும் பக்கத்து ஓடைக்குள் தள்ளப்படுகிறது. நாகர்கோவிலின் ஓடைகள் பழையாற்றை நோக்கிச் செல்பவை. அந்த ஆற்றுப் படுகையில்தான் 2022 இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் பெற்ற சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளும் உள்ளன. மீன் பிடிக்கும் குளத்தின் சேற்றில் ஈயம் படிந்தபின் அதை அகற்றுவதற்கு ஆகும் செலவு, இன்று புழுதியை ஈரப்படுத்தியோ இயந்திரத்தால் உறிஞ்சியோ எடுப்பதற்கு ஆகும் செலவைவிடப் பன்மடங்கு கூடுதலாக இருக்கும்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஒவ்வொரு மழையும் சாலையைக் கழுவிவிடுகிறது. ஆகவே ஜூன் மாத மழைக்கு முன்பாகவே முதல் சுற்று மாதிரிகளை எடுக்கவும், அதுவரை காத்திராமல் தொழிற்பகுதிகளில் உலர்ந்த புழுதியைக் கூட்டுவதை நிறுத்தித் தூய்மைப் பணியாளர்களுக்குத் தரமான முகக்கவசம் வழங்கவும், பழைய பேட்டரிகள் 2022 ஆம் ஆண்டின் விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையங்களுக்குத்தான் செல்கின்றனவா என்று ஆக்கர் கடைகளில் (பழைய பொருள் வாங்கும் கடைகளில்) விசாரிக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கோணம் பகுதியில் வசிக்கும் ஒரு குடிமகன்