சுகர்ரமுர்தி ஊர் மன்னித்த பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணக் கட்டுரை, ஸ்பெயினின் நவார்ராப் பகுதியிலுள்ள சுகர்ரமுர்தி குகையை அழகாக வருணித்திருந்தது. ஆனால், மூடநம்பிக்கை கொண்ட பாஸ்க் இனக் கிராமத்தார் தங்கள் ஊர்ப் பெண்களையே சூனியக்காரிகள் என்று எரித்தார்கள் என்ற பொருளில் அதில் வந்த வரி, அம்மக்கள் மீது சுமத்தப்பட்ட அபாண்டம் என்றே கருதுகிறேன்.

1608 டிசம்பரில், பிரான்சிலிருந்து ஊர் திரும்பிய ஓர் இளம்பெண், அண்டை வீட்டார் சிலரைச் சூனியக் கூட்டத்தில் கண்டதாகச் சொன்னாள். சூனியக்காரர்கள் வளர்ப்பதாக நம்பப்பட்ட தேரைகளைத் தேடி வீடுகளுக்குள் புகுந்து மிரட்டியவர்களும் அவ்வூரில் இருந்தார்கள், அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் குற்றம் சாட்டப்பட்டோர் தேவாலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டபோது, ஊர் மன்னித்தது. வாசற்கதவில் உலர்ந்த எகுஸ்கிலோரே முட்பூவை மாட்டிவைத்தால், இரவில் வரும் தீயசக்தி அதன் இழைகளை எண்ணி முடிப்பதற்குள் விடிந்துவிடும் என்று நம்பிய மக்கள் அவர்கள். அச்சமும் அதற்கான பரிகாரமும் ஊருக்குள்ளேயே இருந்தன.

செய்தி லொக்ரோன்யோ நகரின் சமய விசாரணை மன்றத்தை, அதாவது கத்தோலிக்க நெறிக்கு மாறானவர்களை விசாரித்துத் தண்டித்த அமைப்பை, எட்டிய பிறகுதான் உயிர்கள் போயின. பாஸ்க் மொழி மட்டுமே அறிந்த எளியவர்கள், மொழிபெயர்ப்பாளர் வழியாக விசாரிக்கப்பட்டனர். 1610 நவம்பரில் 6 பேர் எரிக்கப்பட்டனர்; சிறையிலேயே மாண்ட 5 பேரின் உருவப் பொம்மைகளும் உடன் எரிக்கப்பட்டன.

அம்மன்றத்தின் மூன்று நீதிபதிகளுள் ஒருவரான அலோன்சோ டி சலாசார் ஃப்ரியாஸ், 1611இல் ஊர் ஊராகச் சென்று 1,802 பேரின் வாக்குமூலங்களைப் பெற்றார். அவர்களுள் 1,384 பேர் சிறுவர் சிறுமியர்! சூனியத் தைலம் என்று ஒப்படைக்கப்பட்டவற்றை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எந்தத் தீங்கும் நேரவில்லை. புனித யோவான் திருநாளுக்கு முந்திய இரவில் ஓரிடத்தில் கூட்டம் நடந்ததாகச் சில பிள்ளைகள் சாதித்தனர். அதே இரவில் அங்கிருந்த அவருடைய எழுத்தர்களோ எதையும் காணவில்லை. சூனியத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கிய பிறகே சூனியக்காரர்கள் தோன்றினர் என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார். அதன் பயனாக, 1614இல் சூனிய வழக்குகளுக்குக் கடும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன.

எரித்தவர் யார், மன்னித்தவர் யார் என்பது வாசகர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். எனவே, அந்த வரிக்கு உரிய திருத்தத்தை அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்