மேளக்கார அண்ணனுக்கு, மாடி வீட்டுப் பையன் எழுதுவது

அன்புள்ள அண்ணனுக்கு,

போன மாதம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் உங்கள் காதில் இயர்போனைத் திணித்த ஆள் நான்தான். கூட்ஸ் வண்டி நகர்கிற மாதிரி இல்லை, உங்கள் ஷேர் ஆட்டோவிலும் ஆள் சேரவில்லை. "இன்னா தம்பி, இன்னா கேட்டுனுகீற?" என்றீர்கள். மேத் ராக் என்றேன். "கணக்குப் பாட்டா?" என்றீர்கள். தாளக் கணக்கைக் கோணலாக மாற்றிப் போடுகிற இந்த ராக் இசையை, இத்தனை வருஷத்தில் நான் யாருக்கும் அவ்வளவு சுருக்கமாகப் புரியவைத்ததில்லை. உங்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் கேட் திறந்துவிட்டது.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது 2008ல். எம்.சி. ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். ஒரு ஆல்பம் இறங்கி முடிவதற்குள் இரண்டு தடவை கரண்ட் போகும். ஜப்பான்காரர்கள் பாட்டு என்றால் பெயரெல்லாம் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும், அந்தக் கம்ப்யூட்டரில் அவர்கள் எழுத்து கிடையாது. சில பாட்டுக்கு இன்றைக்கும் எனக்குப் பெயர் தெரியாது. மூன்றாவது கட்டம், ஐந்தாவது கட்டம் என்றுதான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

நீங்கள் டீக்கடையில் கேட்டது ஸ்லிண்ட் என்ற குழு. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் ஊர்ப் பையன்கள். 1991ல் 'ஸ்பைடர்லேண்ட்' என்று ஒரு ஆல்பம், மொத்தமே ஆறு பாட்டு. அது வெளிவருவதற்குள் குழுவே கலைந்துவிட்டது. மேத் ராக் என்று பேச்செடுத்தால் எல்லோரும் அங்கேதான் போய் நிற்பார்கள். அதில் இரண்டாவது பாட்டு, 'நோஸ்ஃபெராட்டு மேன்'. நம் சினிமாப் பாட்டின் தாளம் பெரும்பாலும் நாலு எண்ணிக்கையில் ஓடும், இல்லாவிட்டால் மூன்றில். இது ஐந்தில் ஓடுகிறது. காலேஜில் மிருதங்கம் படித்த நண்பன் ஒருவன், "கண்ட சாபுடா, தக தகிடன்னு சொல்லிப் பாரு" என்றான். சொன்னேன், உட்கார்ந்தது. ஆனால் கோரஸ், நம் பல்லவி மாதிரி திரும்ப வருகிற பகுதி, வந்ததும் தடம் புரண்டுவிடும். ஒருநாள் ராத்திரி நோட்டில் கோடு கோடாகப் போட்டு எண்ணினேன். முதலில் ஆறு, அடுத்து நாலு, மறுபடி ஆறு, மறுபடி நாலு. கணக்கு வந்தது, கால்தான் ஆடவில்லை. பல வருஷம் அப்படியே கிடந்தது.

நீங்கள் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டீ கிளாஸை இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கை மோதிரத்தால் அதன் வயிற்றில் தட்டினீர்கள். முதல் கொஞ்ச நேரம் சும்மா கேட்டீர்கள். அப்புறம் ஐந்து வந்தது. கோரஸ் வந்தபோது நான் உங்கள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது விழும் என்று. விழவில்லை. "பத்துபா. ரெண்டு அஞ்சு. ஒட்ச்ச எடம்தான் வேற" என்றீர்கள். ஆறும் நாலும் பத்து! நோட்டுப் போட்டு எண்ணினவனுக்கு இது தோன்றவே இல்லை.

பிறகு லைட்னிங் போல்ட் என்ற குழுவைப் போட்டேன். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் ஊர்க்காரர்கள், இரண்டே பேர். ஒருத்தர் பேஸ் கிட்டார், இன்னொருத்தர் டிரம்ஸ். டிரம்ஸ்காரர் முகமூடிக்குள் டெலிபோன் ரிசீவரின் மைக்கை வைத்துக்கொண்டு கத்துவார். ஆரம்ப காலத்தில் மேடையில் ஏற மாட்டார்கள், தரையில் ஜனங்களுக்கு நடுவே நின்றுதான் வாசிப்பார்கள் என்று சொன்னேன். "மேடைல ஏறலியா? அப்ப நம்மாளு" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன், நீங்கள் சிரிக்கவில்லை.

ஜப்பானில் ஒசாகா ஊரின் போர்டம்ஸ் குழு பற்றிச் சொல்ல நேரமில்லாமல் போனது. 2007ம் வருஷம் ஏழாம் மாதம் ஏழாம் தேதி, நியூயார்க்கில் புரூக்ளின் பக்கம் ஆற்றங்கரைப் பூங்காவில் 77 டிரம்ஸ்காரர்களைச் சுருள் மாதிரி வளைத்து உட்காரவைத்து வாசித்தார்கள். நடுவில் அவர்கள் பாடகர், ஏழு கழுத்து வைத்த கிட்டார் ஒன்றைக் குச்சியால் அடித்துக்கொண்டு. ரூயின்ஸ் என்று ஒரு ஜப்பான் ஜோடி, பாட்டுக்கென்று ஒரு பாஷையையே சொந்தமாக உண்டாக்கிக்கொண்டவர்கள். மெர்ஸ்போ என்ற ஜப்பான்காரர் வேண்டாம், அது சுத்த இரைச்சல், அவரோடது 50 சிடி அடங்கிய பெட்டி ஒன்று 2000ல் வந்தது. எனக்கே பாதியில் தலை வலிக்கும்.

இப்போது சொல்ல வந்த விஷயம்.

2006 மார்ச், எனக்குப் பிளஸ் டூ பரீட்சை. மறுநாள் கணக்குப் பேப்பர். எதிர்வீட்டுப் பாட்டி தவறிப்போய், நீங்களும் உங்கள் செட்டும் வந்திருந்தீர்கள். பேப்பரைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினது, சட்டி மேளம், டோல் எல்லாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பத்து மணிக்கு மேல் என் அப்பா கீழே இறங்கி வந்து, "படிக்கிற பசங்க இருக்காங்க, நிறுத்துங்கப்பா" என்றார். அதற்கு மேலும் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை, உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் பதில் பேசாமல் பறையடிக்கிற சிம்புக்குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள்.

அப்பாவை அனுப்பினது நான்தான். "அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லுப்பா" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினேன்.

இரண்டு வருஷம் கழித்து அதே நான்தான் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஒசாகாவிலிருந்து சத்தம் இறக்கினேன். தூரத்திலிருந்து வந்ததை நாய்ஸ் என்று மரியாதையாகக் கூப்பிட்டேன், நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். எதிர்வீட்டு வாசலில் கிடைத்தது நியூசென்ஸ். டீக்கடையில் நீங்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டீர்களா என்று தெரியவில்லை. கண்டுகொண்டிருந்தால், அதைக் காட்டிக்கொள்ளாமல் டீக்கும் நீங்களே காசு கொடுத்தீர்கள். மன்னியுங்கள் என்று கேட்பது எனக்கு வசதியான காரியம்தான், இருந்தாலும் கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த ராத்திரி அப்பா வருவதற்குக் கொஞ்சம் முன்னால், வழக்கமாக ஆறில் ஓடுகிற அடியை விட்டுவிட்டு நீங்கள் வேறு எதற்கோ மாறினீர்கள். சட்டி மட்டும் பழையபடியே போனது, உங்கள் பறை தனியாகப் பிரிந்து போனது. ஜன்னலைச் சாத்தியும் அது காதில் விழுந்தது. ஏழா, ஒன்பதா? சுற்றி வந்து சேருகிற இடத்தை நீங்கள் வாசித்து முடிக்கவில்லை, நடுவில் நிறுத்தவைத்துவிட்டோம்.

பாட்டெல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை அதே டீக்கடையில் இருப்பேன். இந்த முறை காசு நான் கொடுக்கிறேன். நீங்கள் அந்த மிச்சத்தைக் கிளாஸில் தட்டிக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
மாடி வீட்டுப் பையன்