லூட்டன் இறங்கிட்டான், குமாரு

குன்னூர்,
18.05.2025

அன்புள்ள குமாரு,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் போட்டாச்சுன்னு வெச்சுக்கோ. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். வீட்டுல சௌக்கியம். பச்சைத் தேயிலை என்ன விலை போகுதுன்னு மட்டும் கேட்காதே, கேட்டா இந்தக் கடுதாசி அதுலயே முடிஞ்சிடும். சீசன் களைகட்டியிருக்கு. இ-பாஸ் வெச்சும் என்ன பிரயோஜனம், வண்டிங்க பர்லியாறு தாண்டுறதுக்குள்ள விடிஞ்சிடுது. ஏறுறது குன்னூர் வழி, இறங்குறது கோத்தகிரி வழின்னு திருப்பி விடுறாங்க. அதனால மே முடியற வரைக்கும் இந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்காதே.

இங்கிலாந்து ஃபுட்பால்ல என் டீம் லூட்டன் கீழ் டிவிஷனுக்கு இறங்கினதுக்கு நீ வாட்ஸ்அப்பில அனுப்பின சிரிக்கிற மூஞ்சிங்க எல்லாத்தையும் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் பதில் போடலை. எழவு வீட்டுக்கு யாராவது சிரிக்கிற மூஞ்சி அனுப்புவாங்களா? போன்ல பேசினா நீ இடையில இடையில புகுந்து கலாய்ப்பே, என்னைப் பேச விடமாட்டே. அதான் எழுதறேன்.

ஆமா, லூட்டன் இறங்கிட்டான். போன வருஷம் பிரீமியர் லீக்லிருந்து, இந்த வருஷம் அதுக்குக் கீழ இருக்கிற ரெண்டாம் டிவிஷன் சாம்பியன்ஷிப்லிருந்து. 2018ல சண்டர்லாந்துக்கு இதே கதி வந்தப்போ நாம ரெண்டு பேரும் பேக்கரியில உட்கார்ந்து "எப்படிடா ஒரு டீம் இப்படி விழும்"னு கேட்டோமே, எப்படி விழும்னு இப்போ எனக்குத் தெரியும்.

மே 3, சனிக்கிழமை. கடைசி நாள்ங்கிறதால எல்லா மேட்சும் ஒரே நேரத்துல, நமக்கு சாயங்காலம் அஞ்சு மணி. அன்னிக்கு விடிஞ்சப்போ நாம பத்திரமா இருந்தோம்டா. நமக்கு 49 பாயின்ட், இறங்குற இடத்துல இருந்த ஹல் சிட்டிக்கு 48. அதுக்கு முந்தின மூணு மேட்சும் ஜெயிச்சு, செத்த பாம்பு தலையைத் தூக்கின மாதிரி மேல வந்திருந்தாங்க. வெஸ்ட் பிராம் கூட ஒரு டிரா பண்ணியிருந்தா போதும். ஒரே ஒரு டிரா! இங்க அஞ்சு மணிக்கு மழை, கரண்ட் இல்லை, போன்ல சிக்னல் ஒரு கோடு. மாடிப்படி மூணாவது படியில நின்னாத்தான் ஸ்கோர் மாறும். நின்னேன். அஞ்சுக்கு மூணுன்னு தோத்தாங்க. வெளியூர்ல போய் மூணு கோல் அடிச்சும் தோத்த டீமை என்னன்னு திட்டுறது சொல்லு? அந்தப் பக்கம் ஹல் போர்ட்ஸ்மவுத்ல ஒண்ணுக்கு ஒண்ணு டிரா பண்ணி 49க்கு வந்துட்டான். கோல் வித்தியாசத்துல அவன் மைனஸ் 10, நாம மைனஸ் 24. முடிஞ்சது. 46 மேட்ச் ஆடி 23 தோல்வி. ஆகஸ்ட்ல முதல் மேட்சிலேயே சொந்த கிரவுண்ட்ல பர்ன்லிகிட்ட நாலுக்கு ஒண்ணுன்னு வாங்கினப்பவே மொட்டை சொன்னான், "இந்த வருஷம் இவங்களுக்கு சங்குதான்"னு. அவன் வாயை ஃபினாயில் ஊத்திக் கழுவணும்.

வீட்டுல என்ன பேச்சு தெரியுமா? "பாப்பா அந்த ஊர்ல படிச்சது ரெண்டு வருஷம், இப்போ அவ இருக்கிறது மான்செஸ்டர்ல. உங்களுக்கு இன்னும் என்ன லூட்டன்?" அதுவும் நியாயம்தான். பாப்பாவுக்கு ஃபுட்பாலுக்கும் கைப்பந்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா அவ முதல்ல போனப்போ ஒரு வீடியோ அனுப்பினாளே, உனக்கும் காட்டினேன். கெனில்வொர்த் ரோடு ஸ்டேடியத்துக்கு வெளியூர் ரசிகருங்க போற வாசல், வரிசை வீடுங்களுக்கு நடுவுல. மேல ஒரு வீட்டு ஜன்னல், கீழ டர்ன்ஸ்டைல், அதான் சுத்துற கம்பிக் கதவு. படியேறிப் போறப்போ ரெண்டு பக்கமும் அடுத்தவங்க கொல்லைப்புறம், கொடியில துணி காயுது. 1905லிருந்து அதே இடம். பன்னிரண்டாயிரம் பேர் உட்காரவே திணறும். அந்த வாசல் வழியா மான்செஸ்டர் சிட்டியும் ஆர்சனலும் பார்க்க வந்த கூட்டம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ளே போச்சு பாரு, அன்னிக்குப் பிடிச்சதுடா எனக்கு.

சரி, நீ அனுப்பின ஆராய்ச்சிக் கட்டுரைக்கு வர்றேன். "பணம் இருந்தும் விழுந்தாங்க, கோச் தப்பு"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டே. பிரீமியர் லீக்லிருந்து இறங்கின டீமுக்குக் குடுக்கிற பாராசூட் காசு வந்தது வாஸ்தவம். ரெண்டாம் டிவிஷன்ல முக்கால்வாசிப் பேருக்கு அது கிடையாது, அதுவும் வாஸ்தவம். ஆனா கோச் கதையை நீ என்கிட்ட சொல்லாதே. ராப் எட்வர்ட்ஸை ஜனவரியில அனுப்பினப்போ டீம் 20ஆம் இடம். அனுப்பி, ஆள் மாத்தி, எல்லாம் சரி பண்ணி முடிச்சப்போ 22ஆம் இடம். கணக்கு நீயே போடு. வாட்ஃபர்ட்காரன் வேண்டாம்னு துரத்தின ஆளை, பரம எதிரி வீட்டுலேருந்து கூட்டிட்டு வந்து, அவராலதான் 31 வருஷம் கழிச்சு டாப் டிவிஷனுக்கே போனாங்க. அப்புறம் வந்தாரே ப்ளூம்ஃபீல்ட், அவர்மேல எனக்குக் கோபமே கிடையாது, பாவம்தான். விக்கம் டீமை மூணாம் டிவிஷன்ல ரெண்டாம் இடத்துல விட்டுட்டு, ஒரு படி மேல போறோம்னு கிளம்பி வந்தார். நாலு மாசத்துல லூட்டனோட சேர்ந்து அதே மூணாம் டிவிஷனுக்குத் திரும்பிட்டார். இந்தக் கூத்தை எங்க போய் சொல்ல!

எனக்கு என்ன தோணுதுன்னா, இந்த சீசன்ல அவங்க விழலை. விழுந்தது அதுக்கு முன்னாடியே, 2023 டிசம்பர் 16, போர்ன்மவுத்ல. கேப்டன் டாம் லாக்யர் கிரவுண்ட் நடுவுல, யாரும் தொடாம, அப்படியே சாஞ்சாரே, அன்னிக்கு. அதுக்கு ஏழு மாசம் முன்னாடிதான், பிரீமியர் லீக்குக்கு ஏறுறதுக்கு ஆடின வெம்ப்ளி ஃபைனல்ல விழுந்தார். அன்னிக்கு பசங்க கவன்ட்ரியை பெனால்டியில ஆறுக்கு அஞ்சுன்னு ஜெயிச்சுக் கப்பைத் தூக்குறாங்க, இவர் ஆஸ்பத்திரி பெட்ல படுத்துக்கிட்டு டிவி பார்க்கிறார். அதுக்கு ஆபரேஷன் பண்ணி, டாக்டர் சரின்னு சொல்லித்தான் திரும்பி ஆட வந்தார். போர்ன்மவுத்ல விழுந்தப்போ இதயமே நின்னுபோச்சு. தான் 2 நிமிஷம் 40 செகண்ட் செத்துப்போயிருந்ததா பின்னாடி அவரே சொன்னார். மேட்சைப் பாதியில நிறுத்திட்டாங்க. மார்ச்ல அதே மேட்சைத் திரும்ப வெச்சப்போ லூட்டன் இடைவேளைக்கு மூணு கோல் மேல. முடிஞ்சப்போ நாலுக்கு மூணு தோல்வி. அன்னிக்கு ராத்திரி உனக்குப் போன் பண்ணி "இனி தேறாதுடா"ன்னு சொன்னேனா இல்லையா? மூணு கோல் லீட்ல இருக்கிற டீம் பயந்துபோய் ஆடினதை அன்னிக்குத்தான் பார்த்தேன். அந்தப் பயம் அப்புறம் போகவே இல்லை. கோடையில ராஸ் பார்க்லி ஆஸ்டன் வில்லாவுக்குப் போயாச்சு, ஒக்பேனி இப்ஸ்விச்சுக்குப் போயாச்சு. மிச்சம் இருந்தவங்கள்ல ஆளுக்கொரு கட்டு, ஆளுக்கொரு ஊன்றுகோல். சின்ன டீமுக்கு ஏது சொத்து? நாலைஞ்சு ஆளுங்கதான் சொத்து. அவங்க போனா கோச் மட்டும் என்ன பண்ணுவான்?

இதை எழுதறப்போ உன் ஞாபகம் வராம இருக்குமா? பிப்ரவரியில உனக்கு ஸ்டென்ட் வெச்ச அன்னிக்கு, ஐசியூ வாசல்ல உன் பொண்டாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணே, இவரு போன வாரமே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாரு, வாயுன்னு சொன்னாரு"ன்னா. வாயு! உனக்கு ஐம்பத்தாறு வயசு, பதினாறு இல்லை. மாத்திரையை ஒழுங்காப் போடுறியான்னு நான் கேட்க மாட்டேன், தங்கச்சிகிட்ட நேரா கேட்டுக்கறேன். ஞாயித்துக்கிழமை பசங்களோட ஆட இறங்கினேன்னு கேள்விப்பட்டா திருப்பூர் வந்து உன் பூட்ஸைக் கொளுத்திட்டு வருவேன்.

இன்னொண்ணும் பண்ணியிருக்கேன். லாக்யரைக் காப்பாத்தினது என்ன? பக்கத்துலயே ஆளும் இருந்தாங்க, ஷாக் குடுக்கிற மெஷினும் இருந்துச்சு. நம்ம கிரவுண்ட்ல என்ன இருக்கு? ஒரு ஐஸ் டப்பா, ஒரு மூவ். 108க்குப் போன் அடிச்சா, சீசன் டிராஃபிக்ல அது வந்து சேர்றதுக்குள்ள என்ன வேணா நடக்கும். அதனால பி.டி. சார்கிட்ட பேசி, ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பசங்களுக்கு நெஞ்சை அமுக்குறது எப்படின்னு சொல்லிக்குடுத்தாச்சு. தலையணையை வெச்சுப் பழகினாங்க. மொட்டை பையன் அமுக்கின அமுக்குல தலையணை கிழிஞ்சு இலவம்பஞ்சு பறந்துச்சு. "இது நெஞ்சா இருந்தா விலா எலும்பு போயிருக்கும், ஆனா ஆள் பிழைச்சிருப்பான், பரவாயில்லை"ன்னுட்டாங்க அக்கா.

இப்போ நம்ம ஊர் டீம். நீ கேட்க மாட்டேன்னு தெரியும், நானே சொல்றேன். டிஸ்ட்ரிக்ட் லீக்ல நாமளும் ரெண்டாம் டிவிஷன்தான், நாமளும் இந்த வருஷம் நாறிட்டோம். நீ அடிச்சுக் குடுத்த ஆரஞ்சு ஜெர்சி ராசியா என்னன்னு பேக்கரி அண்ணாச்சி கேட்கிறார். கடைசி மேட்ச் அன்னிக்கு இடைவேளைக்கு அப்புறம் பனி இறங்கிடுச்சு. நம்ம கோல்போஸ்ட்லேருந்து பார்த்தா சென்டர் சர்க்கிள் தெரியலை. விசில் சத்தம் கேட்குது, ரெஃப்ரியைக் காணோம். அவங்க ரெண்டாவது கோல் அடிச்சது நம்ம கோல்கீப்பருக்கே வலை ஆடினப்புறம்தான் தெரியும். அந்தப் பக்கம் சரிவுல பந்து தேயிலைக்குள்ள போய், தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள டைமும் முடிஞ்சது. பனியைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அவங்களுக்கும் அதே பனிதான். நமக்கு லெஃப்ட் பேக் இல்லை. அந்தப் பக்கமாவே வந்து வந்து அடிச்சாங்க.

லெஃப்ட் பேக் எங்கேன்னு உனக்குத் தெரியாதா? உன் கம்பெனியில செக்கிங் செக்‌ஷன்ல பனியன் மடிச்சுக்கிட்டிருக்கான். தீபாவளிக்கு வந்தே, "பையன் சுறுசுறுப்பா இருக்கான், மலையில கிடந்து என்ன பண்ணப்போறான்"னு கூட்டிட்டுப் போனே. அவங்க அம்மா உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க, நானும்தான் சந்தோஷப்பட்டேன். இலை பறிச்சு அவங்க வீடு நடக்காது. உன்னைத் திட்டவும் முடியலை, திட்டாம இருக்கவும் முடியலை. அவனைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் கிளம்புறானுங்க, ஒருத்தன் சென்டர் பேக். பதினோரு பேர்ல பாதி திருப்பூர்ல, மீதி கோயம்புத்தூர்ல காலேஜ். அடுத்த வருஷம் பேர் குடுக்கவே ஆள் தேறுமான்னு தெரியலை. பி.டி. சார் ரெண்டு மூணு டீமைச் சேர்த்து ஒண்ணாக்கிடலாம்கிறார். எனக்கு மனசு வரலை.

லூட்டன்காரனைப் பார்த்தா மட்டும் ஒரு தெம்பு. 2008-09ல 30 பாயின்ட் வெட்டினாங்களே, மைனஸ் முப்பதுல ஆரம்பிச்ச டீம். லீக்கை விட்டே வெளியே போனாங்க. அதே வருஷம் வெம்ப்ளியில ஸ்கன்தார்ப்பை மூணுக்கு ரெண்டுன்னு ஜெயிச்சு ஒரு கப்பும் தூக்கினாங்க. திமிரைப் பாரு! அஞ்சு வருஷம் வெளியில கிடந்து 2014ல திரும்பி வந்தவங்க. வெளியில கிடந்தப்போ 2013ல வந்து சேர்ந்த மபான்ஸு, டீமோட ஒவ்வொரு படியா ஏறி பிரீமியர் லீக் வரைக்கும் ஆடினான். ஒரே டீம்ல அப்படி ஆடின முதல் ஆள் அவன். புது ஸ்டேடியத்துக்கும் போன டிசம்பர்ல அனுமதி கிடைச்சாச்சு, இருபத்தஞ்சாயிரம் பேர் உட்காரலாமாம். கொல்லைப்புறத் துணியெல்லாம் இனி கிடையாது. எனக்கு அதுலயும் பாதி வருத்தம்தான்.

ஆகஸ்ட்ல மூணாம் டிவிஷன் ஆரம்பம். நம்ம லீக்குக்கு எப்போ தேதி வெப்பாங்கன்னு இன்னும் சொல்லலை, தெரிஞ்சதும் எழுதறேன். உன்கிட்ட கேட்கிறது ரெண்டே விஷயம். புது செட் ஜெர்சி வேணும், கலர் அதேதான், அண்ணாச்சி என்ன சொன்னாலும் மாத்தாதே. அப்புறம் அந்தப் பையனுக்கு மேட்ச் இருக்கிற வாரம் சனிக்கிழமை நைட் ஷிப்ட் போடாதே. மேட்டுப்பாளையத்துக்கு ஒரு பஸ் ஏத்தி விட்டா போதும். அங்கேருந்து மொட்டை பைக்கில கூட்டிட்டு வந்துடுவான். பஸ் காசு நான் குடுத்துடறேன், ஓவர்டைம் போகும்னா அதையும் பேசிக்கலாம்.

தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லு. பதிலைக் கையால எழுது, சிரிக்கிற மூஞ்சி அனுப்பினா பிளாக் பண்ணிடுவேன்.

உன்,
மூர்த்தி