மேலெண்ணை விட்டுவிடாதே

அன்பு நண்பா,

நலம். நீயும் நலமென்றே எடுத்துக்கொள்கிறேன். நான்கு மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இப்போது எழுதுவதற்குக் காரணம் உன் கடைசிக் கடிதத்தில் இருந்த ஒரு வரி: "சௌராஷ்டிர விக்கிப்பீடியாவுக்கு முதலில் வெறும் தமிழ் எழுத்தில் எழுதிக் குவிப்போம், பிறகு எந்திரம் மாற்றிக்கொள்ளும்." அங்கேதான் எனக்குத் தூக்கம் போயிற்று.

எந்திரம் மாற்றாதுடா. மாற்றவே முடியாது. தமிழில் ஒரே 'க' போதும் நமக்கு. உங்களுக்கு அதில் நான்கு ஒலி. அதனால்தானே உங்கள் பெரியவர்கள் க, க², க³, க⁴ என்று மேலெண் போட்டு அச்சடித்தார்கள். மேலெண்ணை விட்டுவிட்டால் எது எந்த ஒலி என்ற தகவலே அந்தப் பக்கத்தில் இல்லை. இல்லாததை எந்த நிரலும் கண்டுபிடிக்காது. மாறாக, மேலெண்ணோடு எழுதினால் அதிலிருந்து சௌராஷ்டிர எழுத்துக்கும் தேவநாகரிக்கும் ஒழுங்காகப் போகலாம். திரும்பியும் வரலாம்.

செர்பியர்களைப் பார். ஒரே விக்கிப்பீடியாவில் சிரிலிக்கும் லத்தீனும் ஓடுகின்றன, வாசகர் பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்கிறார். சிரிலிக்கிலிருந்து லத்தீனுக்குப் போவது சுலபம். திரும்பி வரும்போதுதான் இடறும். 'ஞ' போன்ற ஒலிக்கு லத்தீனில் என், ஜே இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள், சிரிலிக்கில் அதற்கு ஒரே எழுத்து. ஆனால் ஊசி மருந்தைக் குறிக்கும் 'இன்யெக்சியா'வில் அந்த இரண்டும் தனித்தனி. எந்திரம் அதையும் சேர்த்து ஒட்டிவிடும். ஆகவே விதிவிலக்குப் பட்டியல் வேண்டும், மாற்றக் கூடாத சொல்லைச் சுற்றிக் கோடும் அடைப்பும் போடும் பழக்கமும் வேண்டும். பஞ்சாபியில் இது இன்னும் மோசம். அதற்குக் குர்முகி, ஷாமுகி என்று இரண்டு எழுத்து. ஷாமுகியில் குறில் உயிரொலி பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. இரண்டும் தனித்தனி விக்கிப்பீடியாக்களாகவே இருக்கின்றன. அந்த வசதி உங்களுக்குக் கிடைக்காது. ஒரு மொழிக்குறிக்கு ஒரு விக்கி என்பதுதான் புது மொழி விக்கிகளுக்கு அனுமதி தரும் மொழிக்குழுவின் வழக்கம், எழுத்து வேறு என்பதற்காக மட்டும் இரண்டாவது தரமாட்டார்கள். ஆக தமிழ் எழுத்து, சௌராஷ்டிர எழுத்து, தேவநாகரி என்று மூன்று கட்சியும் ஒரே வீட்டில்தான் குடியிருக்க வேண்டும்.

சரி, மேலெண்ணை எப்படித் தட்டுவது? இதில்தான் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் யூனிகோடில் ஓரிடம், நான்குக்கு வேறிடம். சில எழுத்துருக்களில் ⁴ மட்டும் உயரம் மாறித் தெரியும். அதற்குப் பயந்து சிலர் சாதாரண எண்ணைப் போட்டு 'மேலே தூக்கு' என்று குறியீடு கொடுப்பார்கள். கட்டுரைக்குள் ஓடிவிடும், தலைப்பில் ஓடாது, கோண அடைப்பைத் தலைப்பு ஏற்காது. ஆகவே உண்மையான மேலெண்ணையே பயன்படுத்துங்கள். அடுத்தது இடம். உயிர்க்குறிக்குப் பிறகுதான் எண்: கா², கொ³. மெய்யை ஒட்டி எண்ணைப் போட்டுப் பிறகு துணைக்காலை இழுத்தால் அது அநாதையாகப் புள்ளி வட்டத்தோடு நிற்கும். எழுத்து மாற்றும் நிரலை எழுதுபவருக்கும் இதைச் சொல்லிவிடு: மெய்யைப் பார்த்தவுடன் எழுத்தைத் தீர்மானிக்கக் கூடாது, உயிர்க்குறியைத் தாண்டி எண் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும்.

தேடுகிறவர் எண்ணெல்லாம் தட்டமாட்டார். ஒவ்வொரு தலைப்புக்கும் எண்ணில்லாத வடிவிலிருந்து வழிமாற்று போடு, அதைத் தட்டினால் சரியான பக்கம் தானாக வரட்டும். இரண்டு சொற்கள் மோதினால் அங்கே பக்கவழி நெறிப்படுத்தல், அதாவது எது வேண்டும் என்று கேட்கும் பட்டியல் பக்கம். சலிப்பான வேலைதான், 'ஒற்றுப்பிழை' அண்ணனிடம் தள்ளிவிடு, அவருக்கு அதில் பேரின்பம். தமிழ் விக்கியில் ஸ்ரீ பட்ட பாட்டை நினைத்துக்கொள். ஸகரத்தில் தொடங்கினாலும் ஶகரத்தில் தொடங்கினாலும் கண்ணுக்கு ஒரே உருவம், கணினிக்கு இரண்டு தலைப்பு. ஸ, ஷ போன்ற கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற போரில் அத்தனை பக்கம் எழுதினோமே, அதில் பாதி நேரத்தை வழிமாற்றுக்குக் கொடுத்திருந்தால் வாசகனுக்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

டி. எம். ராமராய் அச்சுக்குக் கொண்டுவந்த சௌராஷ்டிர எழுத்தில்தான் வர வேண்டும் என்கிறவர்களை நீ கேலி செய்திருக்கிறாய். செய்யாதே. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2008இலேயே அந்த எழுத்து யூனிகோடில் ஏறிவிட்டது. சந்தாலிக்காரர்கள் 2018இல் தங்கள் சொந்த எழுத்தான ஒல் சிக்கியிலேயே விக்கிப்பீடியா தொடங்கிக் காட்டினார்கள். ஆனால் அந்தக் கட்சியில் எத்தனை பேர் கைப்பேசியில் அந்த எழுத்தைத் தட்டுகிறார்கள் என்று மட்டும் கேள். எழுத்துக்காக வாக்களிக்க முந்நூறு பேர் வருவார்கள். கட்டுரை எழுத வருவது யார்?

எனக்கு உண்மையான பயம் அதுதான். புது மொழிகள் முதலில் வளரும் சோதனை விக்கியிலிருந்து வெளியே வந்து தனி விக்கிப்பீடியா ஆக வேண்டுமானால், மாதத்துக்குப் பத்துத் தொகுப்பாவது செய்கிறவர்கள் மூன்று பேர், பல மாதம் தொடர்ந்து இருக்க வேண்டும். இடைமுகச் செய்திகளையும் மொழிபெயர்க்க வேண்டும். நீ ஒருவனே மூன்று கணக்கு வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்று யோசித்திருப்பாய், உன்னைத் தெரியாதா. வேண்டாம், பிடித்துவிடுவார்கள். ஆள் இல்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் புகலாம். ஸ்காட்ஸ் விக்கிப்பீடியாவில் மொழியே தெரியாத ஓர் அமெரிக்கப் பையன் பல்லாயிரம் கட்டுரை எழுதிவைத்திருந்தது 2020இல்தான் வெளியே தெரிந்தது. அவன் கெட்டவனில்லை. படித்துப் பார்த்துத் தடுக்க அந்த மொழி பேசுகிறவர் அங்கே போதுமான அளவில் இல்லை, அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரம் தாய்மொழி என்று சொன்னவர்கள் 2,47,702 பேர். அதில் எனக்கு மூன்று பேர் போதும். ஆளுக்கொரு கட்சியிலிருந்து ஒருவராக வந்தால் இன்னும் நல்லது, சண்டை பேச்சுப் பக்கத்திலேயே தீரும்.

இதுவரை எழுதிய கட்டுரைகள் எத்தனை? ஐம்பதுக்குள் என்றால் உட்கார்ந்து மேலெண் போட்டுவிடுங்கள். அதைத் தாண்டியிருந்தால் புதிதாக எழுதுவதை இந்த வாரமே நிறுத்து. எண்ணிக்கையைச் சொல்லி உடனே பதில் போடு. என்னைப் போல நான்கு மாதம் எடுத்துக்கொள்ளாதே.

உன்,
'பேச்சுப்பக்கம்'