ஐந்தாவது கடிதம்: தவறான தாளோடு வந்த எபாக்ஸி செட்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை
அனுப்புநர்: தூத்துக்குடியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் (இதுவரை)

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக நான்கு மின்னஞ்சல் அனுப்பியாகிவிட்டது. நான்குக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில். பில் எண்ணும் பேட்ச் எண்ணும் பழைய மின்னஞ்சல்களில் இருக்கின்றன, ஐந்தாவது முறை எழுதத் தெம்பில்லை. எந்த செட் என்று உங்களுக்கே தெரியும். 10 கிலோ ரெசின் (பிசின்), அதோடு கலந்து இறுக வைக்கும் 5 கிலோ ஹார்ட்னர், மரவேலைக்கு என்று நீங்கள் விற்பது.

என் வீட்டுக் கொல்லையில் 16 அடியில் ஒரு மோட்டார் படகு கட்டி வருகிறேன். 9 மில்லி மரைன் பிளைவுட், மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 தர முத்திரை பார்த்து வாங்கியது. பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, உள்மூலைகளில் மரத்தூள் கலந்த எபாக்ஸியைப் பூசி, வெளியே கண்ணாடித்துணி போர்த்துகிற முறை. எங்கள் ஊர் ஃபைபர் படகுகள் பாலியஸ்டர் ரெசினில்தான் வார்க்கப்படுகின்றன. விலையும் குறைவு. ஆனால் அதை மரத்தின் மேல் போட்டால் சரியாகப் பிடிக்காது, நாளடைவில் தோல் உரிகிற மாதிரி கழன்று வரும். அதனால்தான் கூடுதல் காசு கொடுத்து உங்களிடம் வந்தேன். பெரிய தப்பு.

பிப்ரவரி கடைசியில் படகைக் கவிழ்த்துப் போட்டு, நானும் என் மைத்துனரும் அணியத்திலிருந்து (முன்முனை) பின்பலகை வரை இரண்டு அடுக்குத் துணி ஒட்டினோம். பெட்டியில் இருந்த செய்முறைத் தாளில் 100 கிராம் ரெசினுக்கு 10 கிராம் ஹார்ட்னர் என்று இருந்தது. டிஜிட்டல் தராசில் நிறுத்துத்தான் கலந்தோம். மறுநாள் தொட்டால் ஒட்டியது. மூன்றாம் நாளும் ஒட்டியது. ஒன்பதாம் நாள் துணியின் மேல் கரப்பான் ஒன்று கால் மாட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது.

உங்கள் சேவை எண்ணுக்குப் போன் செய்தால் முதல் ஆள் "ஈரப்பதம் சார், மழைக்காலத்துல அப்படித்தான்" என்றார். மார்ச் மாதத் தூத்துக்குடியில் மழைக்காலமாம்! இரண்டாம் ஆள், "மேலாப்புல கொஞ்சம் ஹார்ட்னர் தடவிப் பாருங்க" என்றார். பாலியஸ்டரில் வெயிலுக்குத் தக்கபடி கேட்டலிஸ்டை (இறுக வைக்கும் திரவம்) கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். எபாக்ஸியில் ரெசினும் ஹார்ட்னரும் அளவு பிசகாமல் சேர்ந்தால்தான் செட் ஆகும், மேலே தடவுவதெல்லாம் வைத்தியம் ஆகாது. இது எனக்குத் தெரிகிறது. தயாரிக்கிற உங்களுக்குத் தெரியாதா?

மூன்றாவதாகப் பேசியவரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மார்ச் 12, காலை 11 மணி சுமாருக்கு. "வீட்ல படகு கட்றவங்களுக்கெல்லாம் நாங்க பாடம் எடுக்க முடியாது சார். தெரிஞ்ச ஆசாரி யாரையாவது பேசச் சொல்லுங்க." சொல்லிவிட்டு என் பதிலைக் கூடக் கேட்காமல் வைத்துவிட்டார். என் அப்பா இந்த ஊரில் தோணி கட்டிய ஓடாவி. நான் 31 வருடம் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தப் பையன் பிறக்கும் முன்பே நான் வாய்ச்சி பிடித்தவன். உங்கள் உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரு பெண் குரல் சொல்கிறதே, அதை எடுத்துக் கேளுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். 10 கிலோவுக்கு 1 கிலோ போதும் என்றால் 5 கிலோ எதற்கு என்று வேலை தொடங்கும் முன்பே எனக்குச் சந்தேகம் வந்தது. அப்போதே போன் செய்தேன். "தாள்ல உள்ளபடி செய்யுங்க, மிச்சம் ஸ்பேர்" என்றார்கள். ஸ்பேர்!

உண்மை என்ன என்று கண்டுபிடித்தது நான்தான், உங்கள் தொழில்நுட்பப் பிரிவு அல்ல. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தாளில் உள்ள ஹார்ட்னர் எண்ணுக்கும் டப்பாவில் உள்ள எண்ணுக்கும் கடைசி இலக்கம் வேறு. வேறொரு ஹார்ட்னருக்கான தாளை என் பெட்டியில் போட்டிருக்கிறீர்கள். இரண்டு டம்ளரில் கலந்து பார்த்தேன். 100-க்கு 50 கலந்தது மறுநாள் காலையில் சுத்தியலால் அடித்தாலும் டங் என்று திரும்பியது. 100-க்கு 10 கலந்ததில் இன்றைக்கும் விரல் பதிகிறது. இரண்டும் ஜன்னலில்தான் இருக்கின்றன. படம் இணைத்துள்ளேன்.

"சாம்பிளோடு டிப்போவுக்கு வாங்க" என்றீர்களே, அந்தக் கதையையும் கேளுங்கள். இரண்டு டப்பாவையும் அறுத்தெடுத்த துண்டையும் சுமந்து மதுரைக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் போட்டார். மூன்று மணி நேரப் பயணம், அப்புறம் ஆட்டோ. போய் நின்றால் சரக்குக் கணக்கெடுப்பு, யாரும் பார்க்க முடியாதாம். வாட்ச்மேன் பரிதாபப்பட்டுத் துண்டை வாங்கி வருகைப் பதிவேட்டின் மேல் வைத்தார். திருப்பி எடுத்தபோது ஒரு பக்கம் அதோடு கிழிந்து வந்துவிட்டது. உங்கள் நிறுவனத்தில் என் புகாரை நேரில் ஆராய்ந்த ஒரே ஆள் அவர்தான்.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள், நான் சண்டைக்கு ஆசைப்படுகிறவன் இல்லை. ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்கக் கரையேறிவிடும், ஃபைபர் வேலைக்கு ஆள் கிடைக்காது. அதற்குள் துணியை உரித்து, தின்னர் போட்டுத் துடைத்து, மரம் தெரியும் வரை சுரண்டியாக வேண்டும். புது செட் ஒன்று, வீணான துணிக்கும் நான்கு ஆள் கூலிக்கும் மதுரைப் பயணத்துக்கும் ஈடு, அந்த மூன்றாம் நபரின் எழுத்துப்பூர்வமான மன்னிப்பு, இவ்வளவுதான் கேட்கிறேன்.

15 நாளில் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி என் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. அங்கே 5 லட்சத்துக்குக் குறைத்துக் கேட்க மாட்டேன். பேசி முடித்து வைத்திருந்த 25 குதிரைத்திறன் அவுட்போர்டு கைமாறிப் போனது, மைத்துனர் என்னோடு பேசுவதை நிறுத்தியது, என் தூக்கம், எல்லாம் சேர்த்துத்தான்.

பார்வையிட ஆள் அனுப்புவதானால் மாலை 4 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். பழைய சட்டை போட்டு வரட்டும், சாய்ந்தால் ஒட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் வாடிக்கையாளர்
தூத்துக்குடி

இணைப்பு: பில் நகல், தாள் மற்றும் டப்பாவின் படங்கள், இரண்டு டம்ளர்களின் படம், மதுரை பஸ் டிக்கெட், லக்கேஜ் டிக்கெட்