மீன் குழம்புக்கு எப்போது புளி விடுவது

அன்பு மகனுக்கு,

தொலைபேசியில் "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லியே கதையை முடித்துவிடுகிறாய். கடிதத்தில் அது நடக்காது. அதனால் எழுதுகிறேன்.

பருத்தித்துறை வடையும் தூளும் வைத்து அனுப்பிய பெட்டி வந்ததா? அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சின்னம்மா வீட்டு விஷயம் உனக்குத் தெரியும், இன்னும் அப்படியேதான். தங்கச்சியின் படிப்பைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

போன செவ்வாய் காலை அழைத்து, மீன் குழம்புக்கு எப்போது புளி விடுவது என்று கேட்டாய். மீன் போடுவதற்கு முன்பே விட்டு, பச்சை வாசம் போகக் கொதிக்க வை என்று சொன்னேன். மத்தியானம் திரும்பவும் அழைத்து அதையே கேட்டாய். காலையில் கேட்டதே இல்லை என்பது போலக் கேட்டாய். நானும் முதல் தடவை சொல்வது போலவே சொன்னேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எங்களை அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்: திருத்தக் கூடாது, "இப்போதுதானே சொன்னேன்" என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. அந்தக் குரல் உன்னிடம் பேசும்போது தானாக வந்துவிட்டது. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

அவசரத்தில் மறந்திருப்பாய். இளம் பிள்ளைகள் மறப்பார்கள்தான். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

நீ ஆடிய அந்தக் கால்பந்து ஆட்டத்தை நாங்கள் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தோம். கார்னர் பந்துக்கு நீயும் எதிர் அணிக்காரனும் ஒன்றாக எழும்பினீர்கள். பந்தை வெளியே முட்டித் தள்ளியது நீதான், அதை நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே. அப்பா கை தட்டினார். வர்ணனையாளர்கூட நெஞ்சுரம் உள்ள பிள்ளை என்றார். நீ விழுந்தாய், எழுந்தாய், ஓடி வந்த பிசியோவைக் கையசைத்துத் திருப்பி அனுப்பினாய். எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள், நான் உன்னைத்தான் பார்த்தேன். அடுத்த கார்னருக்கு நீ எங்கே நிற்க வேண்டும் என்று கூட்டாளி ஒருவன் உன் தோளைப் பிடித்துக் காட்டினான். சின்ன வயதிலிருந்து அதே இடத்தில் நிற்கிறவன் நீ.

இப்போது அறையில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு இருக்கிறாயாம். யார் சொன்னது என்று கேட்காதே.

அப்பாவிடம் பேசிப் பயனில்லை. வாய் திறந்தால் கிரஹாம் அலெக்சாண்டர் கதைதான். ஸ்கந்தோர்ப்பில் தொடங்கி, கீழ் லீக்குகளிலேயே காலம் தள்ளி, 2009இல் பர்ன்லியோடு பிரீமியர் லீக்கில் முதல் தடவை இறங்கும்போது அவருக்கு வயது 37; மொத்தம் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள்; அவரும் பின்கள வீரர்தானே என்கிறார். இருக்கட்டும். அவர் பெரும்பாலும் வலது பக்கத்தில் நின்று ஆடினார். நீ நடுவில் நிற்கிறாய், வானத்திலிருந்து வருகிற பந்தெல்லாம் உன் தலைக்குத்தான் வருகிறது. பாசையூர்க் கடற்கரையில் வெறுங்காலோடு ஆடிய அப்பாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? தெரியும். மகன் ஆடுவதைப் பார்க்கிற ஆசையில் தெரியாதது போல இருக்கிறார்.

என் கைப்பையில் ஒரு பத்திரிகைத் துண்டு இருக்கிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழக வைத்தியர் வில்லி ஸ்டுவர்ட்டின் குழு, ஸ்காட்லாந்தில் தொழில்முறையாக ஆடியவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. எங்கள் இல்லத்து மாடியில் இருப்பவர்களுக்கு வந்திருக்கிறதே, மூளை தேயும் அந்த நோய், கோல் காப்பாளர்களுக்கு மற்றவர்களைப் போலவேதான் வருகிறதாம். பின்கள வீரர்களுக்கு ஏறத்தாழ 5 மடங்கு. ஆடிய ஆண்டுகள் கூடக் கூட அதுவும் கூடுகிறது. அப்பாவின் ஆயிரம் ஆட்டக் கணக்கை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார். வெஸ்ட் ப்ரோம் கழகத்துக்குக் கோல் போட்ட ஜெஃப் ஆஸ்டில் 2002இல் இறந்தபோது வயது 59. பந்தைத் தலையால் முட்டிய தொழிலால் வந்த நோய் என்று விசாரணை அதிகாரியே தீர்ப்புச் சொன்னார். சுரங்கத் தொழிலாளியின் நெஞ்சு நோய்க்குச் சொல்வது போல.

பயிற்சியில் வேகமாக வரும் பந்தை வாரத்துக்கு 10 தடவைக்கு மேல் தலையால் முட்டக் கூடாது என்று 2021இலேயே வழிகாட்டுதல் வந்திருக்கிறது. அதைச் சொன்னபோது சிரித்தாய். ஆட்டத்தில் முட்டுவது அந்தக் கணக்கில் சேராது அம்மா என்றாய். சனிக்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று என்று 46 ஆட்டம், அது எந்தக் கணக்கில் சேரும்?

மே மாதம் பட்டியல் வரும் வரை வாய் திறக்கக் கூடாது என்று இருக்கிறாய். எனக்குத் தெரியாதா? யாரை வைத்திருப்பது, யாரை விடுவது என்று எழுதப் போகிறவர்களிடம் போய்த் தலை இடிக்கிறது என்று எவன் சொல்வான்? ஒரு வருட ஒப்பந்தம், அதுவும் ஜூனோடு சரி. உன் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்பாவின் கார் திருத்தக் காசு அனுப்பு என்று உன்னிடம் யார் கேட்டது? எங்களுக்காக ஆடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஆடாதே. எங்களிடம் காசு இருக்கிறது. இல்லாவிட்டாலும் இருக்கிறது.

நம் தமிழ்ப் பிள்ளை விமல் யோகநாதன் 2024இல் பார்ன்ஸ்லிக் கழகத்துக்கு ஆட இறங்கியபோது கோயிலில் எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள், அடுத்தது உங்கள் மகன் என்று. எனக்கும் உச்சி குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை. உன் படம் போட்ட ஆட்ட நிகழ்ச்சி மலரை வேலைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

ஆட்டத்தை விட்ட பிறகு சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்தவர்கள் எத்தனையோ பேர். இப்போதே படி என்று சொல்லவில்லை. அப்படி ஒரு வழியும் இருக்கிறது என்கிறேன். உயிரியலில் உனக்கு நல்ல புள்ளிகள் வந்தவைதானே. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, தொலைபேசித் திரையை இரவில் பார்க்காதே.

பாசையூர் அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறேன். ஆனால் அவர் வந்து உன்னைச் சோதிக்கப் போவதில்லை. கழக வைத்தியரிடம் சொல்ல மனமில்லையென்றால் உன் வீட்டுக்குப் பக்கத்து வைத்தியரிடம் நேரம் எடு. வியாழக்கிழமைக்கு எடு. அன்று எனக்கு விடுமுறை, காலை ரயிலில் வருகிறேன். வரட்டுமா என்று கேட்கவில்லை, டிக்கெட் எடுத்தாயிற்று. பயிற்சி மைதானப் பக்கம் வரமாட்டேன், கூட்டாளிகள் முன்னால் நீ வெட்கப்பட வேண்டியதில்லை. செவ்வாய்க் காலை நீ என்ன கேட்டாய், மத்தியானம் என்ன கேட்டாய் என்பதை வைத்தியரிடம் நானே சொல்கிறேன்.

அப்பாவிடம் மாமியோடு சேலை எடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அழைத்துக் கேட்டால் உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்.

அம்மா